வெக்கை: இல்லை

ஏற்காட்டு மருந்தகத்தின் மாதப் பதிவேட்டில்
நாலாவது கட்டம் வெக்கை நோய்க்கு.
எந்தக் காலத்திலோ அச்சடித்தது.
பதினோரு வருடமாக அதில்
"இல்லை" என்று எழுதி வருகிறேன்.
அந்த நோயை நான் கண்டதில்லை.
எனக்கு முன்னால் எழுதியவரும் கண்டதில்லை.
பூமியிலேயே அது கிடையாதென்று
பெரியவர்கள் கூடி அறிவித்தாயிற்று.
கட்டத்தை எடுக்கத்தான்
உத்தரவு வந்தபாடில்லை.

ஐந்தாவது கட்டம் கோமாரிக்கு.

கொட்டச்சேடு இறக்கத்தில் வண்டி வழுக்குகிறது.
பின்னால் மாதையன்,
மடியில் குளிர்பெட்டி, மூடிமேல் இரண்டு கையும்.
எட்டு டிகிரியைத் தாண்டினால்
புட்டியில் இருப்பது தண்ணீர்,
நான் எழுதப்போவது பொய்.

"ஊசி போட்டா ரெண்டு நாளு பால் கொறையுமே,
அந்தக் காசை யாரு குடுப்பா?"
பூங்காவேரி கேட்டாள்.
சரியான கேள்வி.
சொசைட்டியில் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.
நாகலூரில் போன தடவை பார்த்ததைச் சொன்னேன்:
வாயிலிருந்து தாழிவரை தொங்கிய எச்சில் நூல்,
உரிந்துவந்த நாக்கின் தோல்,
குளம்பை ஊன்ற முடியாமல்
காலை உதறி உதறி நின்ற செவலை,
முந்தின நாள்வரை துள்ளிவிட்டு
மடியை முட்டியபடியே விழுந்த கன்று.
"அது நாகலூரு" என்றாள்.
என்றாலும் கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

மாதையன் காதுத் தோட்டைத் துடைத்துப்
பன்னிரண்டு இலக்கம் படிக்க, நான் எழுத,
கழுத்தில் இரண்டு மில்லி.
நாற்பத்தொன்று முடிந்தது.
ஊர்க் கணக்கோ நாற்பத்திரண்டு.

"வித்தாச்சு" என்றார் வெள்ளையப்பன்,
என் செருப்பைப் பார்த்துக்கொண்டு.
அந்நேரம் கொட்டகையில் கன்று கத்தியது.
காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து
பதில் வந்தது.

சவுக்குமர நிழலில் நின்றிருந்தாள் காரி,
கழுத்து மணிக்குள்
பழந்துணி திணிக்கப்பட்டு.
முத்துநாயக்கன்பட்டி சந்தைக்கு ஓட்டப்போகிறாராம்.
ஊசி போட்ட இடம் வீங்கினால்
வாங்குகிறவன் இரண்டாயிரம் குறைப்பானாம்.
குறைப்பான்தான்.
அந்தச் சந்தையில்தான்
எட்டு ஊர் மாடு மூக்கோடு மூக்கு உரசுகிறது,
அங்கிருந்துதான் நோய்
லாரி ஏறி, கொண்டை ஊசி ஒவ்வொன்றாய்த் திரும்பி
மலைக்கு வருகிறது.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
கல்லின்மேல் உட்கார்ந்தேன்.
பெட்டிக்குள் ஐஸ் உருகும் சத்தம்
அவருக்கும் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து
அவரே மணிக்குள் விரலை விட்டுத்
துணியை உருவினார்.
"அடுத்த சந்தைக்குப் பாத்துக்கறேன்.
சட்டுனு போடு."

ஆறு மாதம் போனால் இதே இறக்கம்,
இதே இரண்டு நாள் பால்,
வேறொரு புதரில் வேறொரு மாடு.
இப்படியே போனால் ஒருநாள்
என் நாற்காலியில் உட்காரும் பெண்
ஐந்தாவது கட்டத்தில் "இல்லை" எழுதிவிட்டு
இது என்ன நோய், எதற்கு இந்த வெட்டிக் கட்டம் என்று
அச்சடித்தவனைத் திட்டுவாள்.
நன்றாகத் திட்டட்டும்.

இருட்டுவதற்குள் மருந்தகம் வந்தோம்.
மாதையன் பெட்டியைக் கவிழ்த்து
உருகிய நீரைப் படியோரம் கொட்டினான்.
வெப்பமானியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
ஏழு.