ஏழாவது நிரல்

களுதாவளை மணலில்
வெயில் கடலைவிட்டு எழும்ப முன்னம்
எண்ணி முடிக்க வேண்டும்.
அந்த ஈரத்தில் வெள்ளை ஈக்களுக்குப்
பறக்கச் சோம்பல்.

இலை நுனியை இரு விரலால் பிடித்து
மூச்சை அடக்கிக்கொண்டு
மெல்லத் திருப்புகிறேன்,
வேறொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பதுபோல.

கத்தரி: நாற்பத்தொன்று.
சுணை அடர்ந்த இலையின் அடியில்
அரிதட்டிலிருந்து சிந்திய மா.
வெண்டி: பத்தொன்பது.
தக்காளி பன்னிரண்டு. ஒன்று பறந்துவிட்டது.
பதினொன்றா?
பன்னிரண்டென்றே எழுதினேன்.
பயற்றை ஏழு.
கொச்சியில் நாலே நாலு,
பிறகேன் கொழுந்தெல்லாம் சுருண்டு கிடக்கிறது?
அதைக் கேட்கப் படிவத்தில் இடமில்லை.
சோளன்: பூச்சியம்.
ஆறு கிழமையாய்ப் பூச்சியம்.

குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்துவிட்டு
சீவரெத்தினம் வருகிறார்.
"கத்தரியெண்டா உசிர் போல கா அதுகளுக்கு."
"ஓம்."
"எனக்கும்தான். களுவாஞ்சிக்குடிச் சந்தையில
கத்தரிக்காய்க்குத்தானே கா காசு."
சோளனை நடுங்கள் என்று
நான் சொல்லவில்லை.
சொல்வேனென்று அவர் கொஞ்சம் நின்றார்.

ஏழாம் கிழமை
கத்தரி வரிசை இல்லை.
பிடுங்கி எரித்த இடத்தில்
சாம்பல், பாதி வெந்த ஒரு காய்.
வெண்டியில் அறுபத்துமூன்று.
தக்காளியில் எண்ணிக்கை தவறி
மறுபடி தொடங்கினேன்.

முதல் விருப்பம் இல்லாத தோட்டத்தில்
இரண்டாவதற்கும் விருப்பமென்றே பெயர்.
அறிக்கையில் இதை எழுதினால்
பேராசிரியர் சிவப்பால் வெட்டுவார்.
பல்கலைக்கழக விண்ணப்பத்தில்
விவசாயத்தை நானும்
மூன்றாவதாகத்தான் போட்டிருந்தேன்.
இப்போது கேட்டால்
சின்ன வயதிலிருந்தே ஆசை என்கிறேன்.

அன்று மஞ்சள் சட்டை.
எண்ணுகிற கையின் மடிப்பில்
மூன்று வந்து குந்தின.
நரம்பில்லை, சாறில்லை,
முட்டையிட ஓர் அடிப்புறமில்லை.
நிறத்தை நம்பி வந்தவை.
"உன்னையும் புடிச்சிட்டு கா," சிரிக்கிறார்.
தட்டிவிடாமல் நின்றேன்.
சோளனுக்குக் கிடைக்காதது
எனக்குக் கிடைத்திருக்கிறது.

படிவத்தில் ஆறு நிரல்.
ஓரத்தில் பென்சிலால்
இன்னொரு கோடு கீறினேன்.
சட்டை: மூன்று.

கச்சான் எழும்பியது.
நிமிர்ந்து பார்க்கையில் கை வெறுமை.
மறுகா அழிக்கலாமென்று
பயற்றைக்குப் போனேன்.
அழிறப்பரை
வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.