கதிரை

அண்ணனின் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.
தூண்டில் நைலோனை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி
தலைக்கவசத்தையும் மாட்டியதும்
நான் குழுக்கடன்காரன்.

பாசையூரில், ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால்,
நண்டு நிறுக்கிற கொட்டகையில் ஒத்திகை.
எழுதிய நாடகம் என்று ஒன்றும் இல்லை.
கூடை கழுவி வந்தவள் ஒரு வசனம் தந்தாள்.
வலை பொத்திக்கொண்டிருந்தவள்
"அப்பிடி ஆர் கதைக்கிறது?" என்று அதை வெட்டி
வேறொன்று வைத்தாள்.
எமிலியானா தன் வசனத்தை
மூன்று நாள் வாய்க்குள் வைத்திருந்து
நான்காம் நாள் துப்பினாள்:
"தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனான்.
நீ எழுதினது, ஆள் வரேல்லை எண்டு."
கொட்டகை கொஞ்ச நேரம்
நண்டு வாடையோடு சும்மா இருந்தது.

என் வசனங்களுக்கு ஒருவரும் கஷ்டப்படவில்லை.
அவை எல்லாருக்கும் பாடம்.
"ஒராள் கட்டாட்டிக் குழு கட்டவேணும்."
"காசு வருமட்டும் இஞ்சதான் இருப்பன்."
நான் தடக்கினால்
பத்துப் பேர் எடுத்துக் கொடுத்தார்கள்.

றொசாரியாவுக்கு வசனம் இல்லை.
வேண்டாம் என்று அவளே சொன்னாள்.
கதிரை கொண்டுவந்து வைக்கிறது அவளுடைய வேலை:
சிவப்புப் பிளாஸ்ரிக், ஒரு கால் வெடித்துக்
கம்பியால் தைத்தது.
கடைசிக் காட்சியில் கடன்காரனை அதில் இருத்தி
அவன் கொப்பியை அவனையே வாசிக்கச் சொல்லுவோம்,
உரத்து, வட்டி, தண்டம், ஒரு சதமும் விடாமல்.
இது ஒரு முடிவோ என்று சண்டை வந்தது.
அடிக்கவேணும் என்றாள் ஒருத்தி.
அந்தோனியார் வரவேணும் என்றாள் இன்னொருத்தி.
வேறொன்றும் கிடைக்காததால்
அதையே வைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை இரவு கடற்கரையில், ஜெனரேற்றர் வெளிச்சத்தில்.
முன்வரிசைப் பெடியன் ஒருவன்
மண் அள்ளி என் முகத்தில் எறிந்தான்.
இதைவிடப் பரிசு என்ன வேணும் என்று சிரித்தார்கள்.
நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.
அந்தக் குரல் எனக்கு
அவ்வளவு இலகுவாய் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை
உண்மையானவன் வந்தான்.
என்னைவிட மெலிவு. சேட்டின் முதுகு நனைந்திருந்தது.
என்னைவிட மெதுவாகத்தான் கதைத்தான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எமிலியானா கூடைக்குள் பார்த்தாள்.
எல்லா வசனமும் தெரிந்த நான்,
அவனுடையதும் எங்களுடையதும்,
தொண்டை வறண்டு நின்றேன்.

றொசாரியா எழும்பினாள்.
கதிரையைத் தூக்கி வந்து
ஒத்திகையில் வைக்கிற அதே இடத்தில்,
தைத்த கால் மேட்டுப்பக்கம் பார்க்க, வைத்தாள்.

அவன் நின்றான்.
பிறகு இருந்தான்.
எடுத்துக் கொடுத்துப் பழகிய பத்துப் பேரும்
வலையை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள்.
"கொப்பியை வாசியுங்கோ தம்பி."
ஆர் சொன்னது என்று இப்பவும் வாக்குவாதம்.
என் குரல் அல்ல, அது மட்டும் தெரியும்.

வாசித்தான்.
ஆறாவது பெயரில் நின்றான்.
தண்டம் இரண்டு தரம் ஏறியிருந்தது.
விரலை மடித்து
அவனே திரும்பக் கூட்டினான்.

கடன் தீரவில்லை. வட்டி இன்னும் வட்டிதான்.
அடுத்த செவ்வாயும் வந்தான்.
வந்ததும்
கதிரை எங்கே என்று முதலில் பார்த்தான்.

இப்போது நண்டு முதலாளியின் தராசைப் பற்றி
ஒன்று தொடங்கியிருக்கிறோம்.
முடிவு கிடைக்கவில்லை.
முதலாளிக்கு நான் நடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.
காற்சட்டையை எமிலியானாவின் அளவுக்குப்
பிரித்துத் தைக்கிறார்கள்.