இடக்காது

நெடுந்தீவில் நான் இறங்கும்போது விடிய நாலரை மணி.
சித்திரை. சோழகம் இன்னும் தொடங்கவில்லை.
கரையில் நின்ற ஒருவர் மெல்லக் கேட்டார்:
"பிள்ளைக்குக் கண், ஷெல்லிலையோ?"
"இல்லை, பிறவி" என்றேன்.
அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
சல்லிக்கல் நெரிய நடந்துபோனார்.

தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை இல்லை.
இதைப் பயிற்சிக்காரருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.
வள்ளத்தின் எஞ்சின் என் பல்லுக்குள் ஓடும்,
முழங்காலுக்குள் ஓடும்,
எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லாது.
மூன்று வீச்சுக்கு ஒருமுறை முகம் திருப்பி
இடக்காதை வெளியே எடுக்கிறபோதுதான்
காற்றோடு சேர்த்துத் திசையையும் இழுத்துக்கொள்வேன்.

எமிலியானிடம் ஒரு விசில் இருந்தது.
ஒன்று ஊதினால் கிட்ட வா, இரண்டு ஊதினால் விலகு.
வெயில் வலக்கன்னத்தில் ஏறிய நேரம்
அது கடலில் விழுந்தது.
"விசில் போச்சு. நான் கதைக்கிறன், நீர் நீந்தும்."

என்ன கதைப்பதென்று முதலில் தெரியவில்லை அவருக்கு.
ஒன்று, இரண்டு, மூன்று; நூற்றிருபதில் அலுத்துவிட்டார்.
மீன் விலை சொன்னார், பாரை, விளை, ஒட்டி.
அந்தோனியார் மன்றாட்டு பாதியில் மறந்துபோனது.
பிறகுதான்

"...எஞ்சின் எடுத்த கடன் இன்னும்..."
தண்ணீர். தண்ணீர்.
"...தம்பி கையெழுத்து வைக்கமாட்டனெண்டு..."
தண்ணீர். ஒரு சொறி தோளில் எரிந்தது.
"...ஆறு வரியம். ஒரே வளவு. முகம் பாக்கிறேல்லை..."
தண்ணீர்.
"...அவன்ரை மூத்தவளுக்குச் சாமத்தியம், எனக்குச் சொல்லேல்லை,
நான் வேலியடியிலை நிண்டு..."

நின்று?
மூன்றாம் வீச்சுக்குக் காத்திராமல்
இரண்டிலேயே திரும்பிவிட்டேன்.
வாய் நிறைய உப்பு.

"...பாட்டுச் சத்தம் கேட்டனான்."

அதன்பிறகு வெகுநேரம் அவர் கதைக்கவில்லை.
"எமிலியான்!" என்று கத்தினேன், திசை போய்விட்டது.
"இஞ்சை, இஞ்சை" என்றார்,
குரல் அடைத்திருந்தது.

ஒரு பஸ் ஹோர்ன். டீசல் மணம்.
விரல் நுனியில்
குறிகாட்டுவானின் பாசி பிடித்த சீமெந்து.
துளசிராணி ரீச்சர் நேரத்தை இரண்டு தரம் வாசித்தார்:
நாலு மணி ஐம்பத்தொரு நிமிடம்.
யாரோ துவாய் போர்த்தினார்கள்,
யாரோ என் முகத்தருகே ரெக்கோடரை நீட்டிக் கேட்டார்கள்,
"கடலிலை என்ன நினைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

பின்னால் எமிலியான்
வள்ளத்துத் தண்ணீரைப் பால்மாப் பேணியால்
இறைத்துக்கொண்டிருந்தார்.
அந்தச் சத்தம் நின்றது.

"சொறி கடிச்சது" என்றேன்.
"வேறொண்டும் இல்லை."

பேணி மறுபடி தண்ணீரைக் கோலியது.