ஏழாவது சதுரம்

வெளிறிய மஞ்சள் தூள்.
தண்ணியில கரையாது. நாக்கில பட்டா
வேப்பம்பட்டை தோத்துப்போகும்.
சாக்கில எழுதின பேரு ஒண்ணரை முழம்,
எங்களுக்கு எம்.பி.டி.

ரப்பர் பாலும் கந்தகமும்
தனியா விட்டா கூடிச்சேர மணிக்கணக்காகும்.
இதைக் கொஞ்சம் கலக்கினா
சாயா குடிச்சிட்டு வாறதுக்குள்ள
இழுத்தா நீளும், விட்டா திரும்பும்.

ஆறு மூலை வளையம்,
ஒட்டினாப்பல அஞ்சு மூலை,
அந்த அஞ்சில ஒரு கந்தகம், ஒரு நைட்ரஜன்.
கெமிஸ்ட் பெனட்ராஜ் தரையில சாக்பீஸால வரைஞ்சான்.
நான் அதுக்கு மேல டிரம்மை உருட்டிட்டுப் போனேன்.

குலசேகரம் கையுறைக் கம்பெனியில
முந்நூறு பீங்கான் கை
பாலில முங்கி எழும்பும்.
ரேகை இல்லாத கை.
சொறி வந்தது எனக்க கையில.

மார்த்தாண்டம் தோல் டாக்டர்
முதுகில பத்து சதுரம் ஒட்டினார்.
ரெண்டு நாள் குளிக்கப்பிடாது.
பிரிச்சப்போ
ஏழாவது மட்டும் செவசெவன்னு.

"இனி கையுறை போட்டு வேலை செய்யணும், ஜெபக்கனி."
எந்தக் கையுறை, சார்?
அவர் தனக்க கையைப் பார்த்தார்.

திரும்பும்போது மழை.
ஆற்றூர் வளைவில ஆடு குறுக்க சாடிச்சு,
பஸ் சறுக்காம நின்னுது.
டயரிலயும் இதுதான் கெடக்கும்.
ஆடு போவட்டும்னு இருந்தோம்.
நான் சொறிஞ்சிட்டு இருந்தேன்.