நடுவில் இறங்கும் வலை

லா பாஸில் டென்னிஸ் சம்மேளனம் என்பது
இரண்டாம் மாடியில் ஓர் அறை,
ஒழுகும் கெட்டில்,
நான்.
தலைவர் வெளியூரில் இருக்கிறார், எப்போதும்.

மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
காற்று மெலிந்துபோகிறது.
கடலோரத்துப் பந்தை இங்கே தட்டினால்
பின்சுவரில்தான் போய் நிற்கும்.
அதனால் மலைக்கென்று தனிப் பந்து வாங்குகிறோம்.
வாங்கியதைச் சுங்கம் பிடித்துவைக்கிறது.
விடுவிக்கச் சொல்லி நான் கடிதம் எழுதுகிறேன்.
‘விளையாட்டை வளர்த்தெடுப்போம்’ என்று
எங்கள் கடிதத்தாளின் தலையில் இருப்பது
பெரும்பாலும் இதுதான்.

சனிக்கிழமை மினிபஸ் ஏறி
களங்களை அளக்கப் போவேன்.
கம்பத்தருகே வலை நூற்றேழு சென்டிமீட்டர்,
நடுவில் தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
ஓரத்தில் விறைத்து நிற்கிற சட்டம்
நடுவில் கொஞ்சம் இறங்கிவருகிறது.
இறங்கச் சொல்லியிருப்பதும் சட்டம்தான்.
எவ்வளவு என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

நேற்று நள்ளிரவுக்குள்
நாட்டு அணிக்கு நான்கு பெயர் அனுப்ப வேண்டும்.
மூன்று தாமாகவே வந்துவிட்டன.
நான்காவது இடத்துக்கு இருவர்:
மாரியேலா உர்கிஸு, இருபத்தாறு புள்ளி.
யெசீகா சோக்கேவாங்கா, பதினொன்று.

புள்ளி எல்லாம் சாந்தா குரூஸில் விளைகிறது.
பஸ்ஸில் பதினெட்டு மணிநேரம்.
யெசீகாவுக்குக் கேபிள் கார் நிலையத்தில்
சனி ஞாயிறுதான் முறை.
கார்னிவல் விடுமுறையில்
மாரியேலாவை இரண்டே செட்டில் வீழ்த்தினாள்;
வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
நடுவர் இல்லாத ஆட்டம்.
எங்கள் ஏட்டில் அது நடக்கவே இல்லை.

மூன்று முறை கூட்டினேன்.
இருபத்தாறு இருபத்தாறாகவே வந்தது.
பதினொன்று நாற்பதுக்கு
மாரியேலா என்று எழுதி முத்திரை குத்தினேன்.
மை காயும்வரை ஊதினேன்.

பிறகு
அடுத்த ஆண்டின் பட்டியலை எடுத்து
ஏப்ரல் கட்டத்தில் சாந்தா குரூஸை அடித்துவிட்டு
எல் ஆல்ட்டோ என்று எழுதினேன்.
தாழ்நிலத்துக் கிளப்புகள் கத்தும்:
மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது.
‘அங்கே ஒழுங்கான களம் உண்டா?’
என்பார் தலைவர்.
வலை சரியாக இருக்கிறது, ஐயா,
நானே அளந்தேன்.

இன்று காலை சிவப்புத் தடத்தில்
சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அவள்.
பட்டியல் அவள் போனுக்கு வந்திருக்கும்.
பத்து பொலிவியானோ நீட்டினேன்.
முகம் பார்க்கவில்லை.
மீதிச் சில்லறையை
ஒன்றொன்றாக எண்ணி வைத்தாள்,
ஒரு காசு கூடாமல், குறையாமல்.

பையில் அந்த ஏப்ரல் இருந்தது,
இன்னும் கையெழுத்தாகாமல்.
பின்னால் நின்றவர்கள்
நகரச் சொன்னார்கள்.