காற்று எந்தப் பக்கம்

எச்சரிக்கைத் தாளில் எழுதியிருக்கிறது:
"மீன் வாடை அடித்தால் உடனே வெளியேறவும்."
எழுதியவர்
மண்டபத்துக்கு வந்ததில்லை.

இங்கே மீன் வாடை இல்லாத நாளில்தான்
வயிற்றைப் பிசையும்.
தடைக்காலமாயிருக்கும்,
அல்லது ஏதோ ஒரு படகு
இன்னும் கரை சேரவில்லை.

ட்ரைஎத்திலமீன்.
சரக்குப் பதிவேட்டில் சுருக்கி
"டீ, இரண்டரை லிட்டர்" என்று எழுதுவேன்.
தேயிலைச் செலவு இவ்வளவா என்று
மதுரையிலிருந்து வந்த தணிக்கையாளர்
ஒரு முழுக் காலை என்னைக் குடைந்தார்.

நிறமில்லை. தண்ணீரைவிட லேசு,
தண்ணீர் விட்டுக் கழுவப் பார்த்தால்
மேலே மிதந்தபடியே சாக்கடைக்குப் போகும்,
எரிகிற குணத்தோடு.
ஆவி மட்டும் காற்றைவிடக் கனம்.
தரையோடு தரையாய் ஊர்ந்து
மேசைக்கடியில் நுழைந்து
எங்கே பொறி, எங்கே பொறி என்று தேடும்.
தண்ணீர் உறையும் குளிரிலேயே பற்றிக்கொள்ளுமாம்.
ராமநாதபுரத்து வெயிலில்
அதற்குச் சொல்லியா தர வேண்டும்?

கெட்டது என்று சொல்லிவிடவும் முடியாது.
பாசியிலிருந்து பிரித்ததை
இன்னொன்றோடு இணைக்கும்போது
அமிலம் உதிரும்.
விட்டால் விளைந்ததையே தின்றுவிடும்.
டீ போய் அதைக் கட்டிக்கொண்டு
வெள்ளையாய் அடியில் உட்காரும்.
வாலிநோக்கம் பாத்தியில் விளைந்ததில்லை,
ஆனாலும் உப்புதான்.

ஆனி மாதம், மணி மூன்று.
சீனி அசனா பர்னர் ஏற்ற
லைட்டரோடு நின்றாள்.
"காரல் நல்லாக் காயுது போல" என்றாள்,
மூக்கைக்கூடச் சுருக்காமல்.
"ஆமா" என்றேன்.
அரை நிமிடம் அப்படியே போனது.
அந்த அரை நிமிடத்தை
இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

சன்னலுக்கு வெளியே தாழையின் தலை
வடக்கே சாய்ந்திருந்தது.
கச்சான்.
கருவாட்டுக் களமும் எங்களுக்கு வடக்கேதான்.
அதன் வாடை இந்நேரம்
கடல்மேல் பாதி தூரம் போயிருக்க வேண்டும்.
நம் பக்கம் திரும்பி வர
அதற்கு வழியே இல்லை.

"அசனா, பத்த வைக்காத."
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"விசிறிய நிறுத்தாத. சுவிட்சத் தொடாத.
அப்படியே வெளிய வா."

வராந்தாக் கோடியில் இருந்த மெயினை
அவள்தான் இறக்கினாள்.
வெளியிலிருந்தே சன்னல்களைத் திறந்துவிட்டு
வெகுநேரம் வெயிலில் நின்றோம்.

பிறகு முகமூடி, கண்ணாடி, கையுறை.
கீழ்த்தட்டில் ஒரு புட்டி,
மறை ஏறாமல் கோணிய மூடி.
நேற்று மாலை மூடியது யார் என்று
எனக்குத் தெரியும்.
பேருந்துக்கு அவசரப்பட்ட கை,
என் கைதான்.

தீவாளி மணலைக் கொட்டினேன்.
எங்கள் கடற்கரையில் அள்ளிக் காயவைத்தது,
பொடிச் சிப்பிகளும் கூடவே விழுந்தன.
பிளாஸ்டிக் முறத்தால் அள்ளினேன்,
இரும்பு உரசக் கூடாது.
நைட்ரிக் அமிலம் வேறு அறையில் இருந்தது.
இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள் என்று
போன வருடம் நான் போட்ட சண்டையில்
எனக்குக் கிடைத்த பெயர்
"வாயாடி ஜெனிட்டா."

இரவுப் பேருந்தில் பக்கத்தில் நண்டுக்கூடை,
என் துப்பட்டாவில் டீ.
யாரும் மூக்கைப் பொத்தவில்லை.
பாலத்தில் ஏறியதும்
பாம்பன் கலங்கரை விளக்கைச் சுற்றி
நீல வளையம்.
படகு விளக்கு ஒவ்வொன்றுக்கும்
ஆளுக்கொரு வளையம்,
மாதா கோயில் படத்தில் போல.
அழகாயிருந்தது என்று சொல்ல வெட்கம்.
கண்ணின் மேற்படலம் ஆவியில் ஊறினால்
இப்படித் தெரியுமாம்,
சில மணி நேரத்தில் வடியுமாம்,
அதே தாளின் இரண்டாம் பக்கம்.

விடிந்ததும் விளக்கு வெறும் விளக்கு.
டாக்டரைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்
தாளின் அந்த வரிக்குக் கீழே
பேனாவால் எழுதினேன்:
"காற்று எந்தப் பக்கம் என்று பார்."

அதற்கும் கீழே
அசனாவின் கோழிக்கிறுக்கல்:
"வெளியே வந்து நின்று பார்."