இடது கதவு

நோர்வூட் வளைவில் பஸ்ஸுக்கு விலகிக்
கல்மேட்டில் உரசியதில்
என் மார்ச் காரின் இடது கதவு
திறக்கவும் மாட்டேன் மூடவும் மாட்டேன் என்றது.
இன்ஷூரன்ஸிலிருந்து வந்து படம் பிடித்தார்கள்.
படம் பிடித்ததோடு சரி.

செலஸ்டினாவின் மச்சான் பஞ்சிகாவத்தையில் அலைந்து
வாங்கி அனுப்பிய கதவு
சாக்கில் தைத்து ஹட்டன் பஸ்ஸில் வந்தது.
அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்திருந்தார் கண்டக்டர்.
“சீட்டில உக்காந்துதானே வந்திச்சு.”
நீலக் கதவு. என் கார் வெள்ளை.
எந்த வண்டியில் கழற்றியது என்று நான் கேட்கவில்லை.
பழைய சாமான் வாங்குகிறவர்கள்
அதைக் கேட்பதில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள் நான்.
கழற்றிய போல்ட்டுகளைப் போட்டு வைக்க
மாத்திரை உறைகள்தான் கையில் இருந்தன.
மேல் பிணைச்சல்: காலை இரண்டு.
கீழ்ப் பிணைச்சல்: இரவு இரண்டு.
கதவை நிறுத்தும் பட்டி: ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.
எழுதி எழுதி பொனட்டில் அடுக்கினேன்.

பக்கத்து குவாட்டர்ஸ் நேசமலர் குடை பிடித்தாள்,
கதவுக்கு. எனக்கில்லை.
ஜாக்கின் மேல் பலகை, பலகையின் மேல் கதவு,
டோர்ச் என் பல்லிடுக்கில்.
துளைக்குத் துளை நேராக வரும்வரை திட்டினேன்.
வாயில் எதையாவது கடித்துக்கொண்டு திட்டினால்
ஜெபம் பண்ணுவது போலவே கேட்கிறது என்றாள்.

டப்.
ஐந்தாம் தடவை மூடிக்கொண்டது.
அந்தச் சத்தத்துக்காகவே
இன்னும் ஆறு தடவை சாத்திப் பார்த்தேன்.

கண்ணாடிதான் வழிக்கு வரவில்லை.
பாதி ஏறி நிற்கும்.
உள்தட்டியை மூன்று தரம் கழற்றினேன்,
பழைய கதவின் சுற்றியை மாற்றிப் போட்டேன்,
ரப்பர் பள்ளத்தில் கிறீஸ், பிறகு சவர்க்காரம், பிறகு மெழுகுதிரி.
பாதி ஏறி நிற்கும்.
நாலு கிளிப் உடைந்ததுதான் மிச்சம்.
அந்த மழைக்காலம் முழுக்க
மூடுபனி, கை காட்டாமலே ஏறி
இடது சீட்டில் உட்கார்ந்து வந்தது.

கொட்டகலை பெற்றோல் செட்டில்
என் காரைச் சுற்றி வந்தார் ஒருவர்.
மரக்கறி லொறியோடு கம்பளையிலிருந்து வந்தவர்,
இஸ்ஸதீன் என்று பிறகு சொன்னார்.
நீலக் கதவின் கைப்பிடிக்குக் கீழே ஒரு கீறல்,
நான் கணக்கில் எடுக்காத கீறல்.
அவர் விரல் அதன் ஒரு முனையில் தொடங்கி
மறுமுனை வரைக்கும் போனது.

“கண்ணாடி பாதியில நிக்கிதா?”
தலையாட்டினேன்.
“உள்ளங்கைய வெச்சு வெளிய தள்ளிக்கொண்டே சுத்தணும்.”
அவரே குனிந்து சுற்றினார்.
முனகாமல் மேல் விளிம்பு வரை போனது கண்ணாடி.
“எனக்கும் ஏறாது. பொஞ்சாதி செய்றதப் பாத்துத்தான் படிச்சேன்.
அவ இந்தப் பக்கம்தானே இருப்பா.”

இருப்பா.
நேற்றைக்கும் அதுதான் சொல்,
நாளைக்கும் அதுதான் எங்கள் பேச்சில்.
எது என்று நான் கேட்கவில்லை.

“எவ்வளவுக்கு எடுத்தீங்க?”
சொன்னேன்.
“அல்லாஹ்வே, நல்லா வெட்டிட்டான்!
முழுக் காருக்கும் எனக்கு அவ்வளவு தரல்லியே.”
சிரித்தார். லொறி ஹோர்ன் அடித்தது.
போய்விட்டார்.

கதவுக்கென்று வாங்கிய வெள்ளை ஸ்ப்ரே டின் இரண்டு
டிக்கியில் வளைவுக்கு வளைவு உருண்டன.
ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது.
தேர்மோஸ்டாட்டாகத்தான் இருக்கும்.
மூடியில் இரண்டு போல்ட்.
காலை இரண்டு.
ஓரம் கட்டி நிறுத்தினேன்.

இடது சீட்டுக்கு நகர்ந்து
உள்ளங்கையை வைத்து
கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன்,
மறுபடி இறக்கினேன்.
சீட் இன்னும் ஈரம்.
என்ஜின் ஆறும்வரை
அங்கேயே இருந்தேன்.